லேலண்டு சைப்ரஸ் வேலி: ஒரு மரமும் பிரிட்டனின் உயர்வேலிச் சட்டமும்

லேலண்டு சைப்ரஸ் என்பது ஊசியிலை மர வகையைச் சேர்ந்த ஒரு கலப்பின மரம். ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். மிக விரைவாக வளரும். பக்கத்து வீட்டின் அழகற்ற காட்சிகளையும் இரைச்சலையும் தங்கள் தோட்டத்திலிருந்து மறைத்துக்கொள்ள விரும்பிய பிரிட்டன் மக்கள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மரத்தை உயிர்வேலியாகப் பெருமளவில் நட்டனர்.

அண்டை வீட்டுத் தொல்லையிலிருந்து விடுபட நடப்பட்ட இதே மரம் சில ஆண்டுகளில் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாக மாறியது. அதன் நிழலில் தோட்டங்களும் சன்னல்களும் இருண்டன. இறுதியில் பிரிட்டன் நாடாளுமன்றம் வேலி மரங்களின் உயரத்தைப் பற்றித் தனியாகச் சட்ட விதிகள் இயற்ற வேண்டியதாயிற்று.

ரெப்டனின் ரோஜாச் செடிகள்

பிடிக்காத காட்சியைச் செடிகொடிகளால் மறைப்பது பழைய வழக்கம். ஆங்கிலத் தோட்டக்கலை வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஹம்ப்ரி ரெப்டன் (1752–1818). செல்வந்தர்களின் மாளிகைகளைச் சுற்றியுள்ள நிலங்களை அழகுபடுத்தித் தருவது இவருடைய தொழில். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சிவப்புத் தோலால் அட்டையிட்ட ஒரு கையெழுத்து நூலைத் தயாரித்துக் கொடுப்பார். அதிலுள்ள ஓவியத்தின் மேல் ஒரு மடிப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். தாள் மூடியிருக்கும்போது நிலத்தின் இப்போதைய தோற்றம் தெரியும். தூக்கினால் மாற்றத்துக்குப் பிந்தைய தோற்றம் தெரியும்.

1816இல் வெளியான தம் கடைசிப் பெருநூலில் ரெப்டன் தம் சொந்த வீட்டையே இவ்வாறு காட்டியுள்ளார். எசெக்ஸ் மாவட்டத்தில் ரோம்ஃபோர்டுக்கு அருகில் ஹேர் ஸ்ட்ரீட் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை ஒட்டி அவருடைய சிறிய வீடு இருந்தது. முதல் ஓவியத்தில் வீட்டின் எதிரே ஓர் இறைச்சிக் கடை தெரிகிறது. வேலியோரத்தில் உடல் ஊனமுற்ற ஒரு பிச்சைக்காரர் நிற்கிறார். மடிப்பைத் தூக்கினால் இரண்டாம் ஓவியம். அதில் வேலி முன்னே தள்ளிப் போடப்பட்டுள்ளது. சுமார் 25 கெஜம் நிலம் தோட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. இறைச்சிக் கடையைப் பூச்செடிகள் மறைக்கின்றன. பிச்சைக்காரரைக் காணவில்லை.

ரெப்டன் எல்லாவற்றையும் மறைத்துவிடவில்லை. சாலையில் போகிறவர்களையும் வண்டிகளையும் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. 1811இல் நேர்ந்த வண்டி விபத்துக்குப் பின் நடமாட்டம் குறைந்த அவருக்குச் சன்னல் வழியே தெரியும் காட்சி பெரிதாகவே இருந்திருக்கும். ஆகவே சாலையை விட்டுவைத்து, கண்ணுக்கு உறுத்தலானவற்றை மட்டும் மறைத்தார். ஆயினும் இரண்டு ஓவியங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பிச்சைக்காரர் எங்கே போனார்? இரண்டாம் ஓவியத்தில் அதற்கு விடை இல்லை. நடுகிறவரின் பக்கத்தை மட்டுமே அது காட்டுகிறது. மறைப்பின் அப்பாலுள்ள பக்கம் அதில் இல்லை.

சட்டம் எதைக் காத்தது?

அண்டை வீட்டாரால் வரும் தொல்லைகளில் எதற்கு வழக்குத் தொடுக்கலாம் என்பதை இங்கிலாந்து நீதிமன்றங்கள் பல நூற்றாண்டுகளாக வகுத்து வந்தன. இதில் அடிப்படையானது 1610ஆம் ஆண்டின் ஆல்ட்ரெட் வழக்கு. ஒருவர் தம் வீட்டருகே பன்றிக் கொட்டில் கட்டியதால் நாற்றம் தாங்கமுடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தார். நாற்றத்துக்குப் பரிகாரம் உண்டு என்று தீர்ப்பாயிற்று. தூய காற்றும் வெளிச்சமும் வாழ்வதற்குத் தேவையானவை. ஆனால் வீட்டிலிருந்து தெரியும் நல்ல காட்சி மகிழ்ச்சிக்குரியது மட்டுமே. அது கெட்டுவிட்டது என்று வழக்காட முடியாது. இந்த வேறுபாட்டை எட்வர்ட் கோக் தம் வழக்குத் தொகுப்பில் பதிவு செய்தார்.

வெளிச்சத்துக்கான உரிமையும் எல்லையுள்ளதுதான். 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கட்டடம் 20 ஆண்டுகள் தடையின்றி வெளிச்சம் பெற்று வந்திருந்தால் அந்த உரிமை உறுதியாகும். இந்தக் கருத்து தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. 1882இல் இயற்றப்பட்ட இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அச்சட்டத்திலும் கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இதே 20 ஆண்டுக் கணக்கு உள்ளது. இங்கிலாந்தில் இந்த உரிமை கட்டடத்துக்கு உரியதே தவிரத் தோட்டத்துக்கு இல்லை. பூச்செடிக்கும் காய்கறிப் பாத்திக்கும் விழும் வெயிலை யாராவது மறைத்தால் கேட்க வழியில்லை.

இரைச்சலைப் பொறுத்தவரை 1879இல் முடிவான ஸ்டர்ஜஸ் – பிரிட்ஜ்மன் வழக்கு புகழ்பெற்றது. லண்டனில் விக்மோர் தெருவில் மிட்டாய் தயாரிக்கும் ஒருவர் பெரிய உரல்களில் பொருள்களை இடித்து வந்தார். அவர் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை அது. அடுத்த தெருவான விம்போல் தெருவில் குடியிருந்த மருத்துவர் ஒருவர் தம் தோட்டத்தின் கடைக்கோடியில் நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். அந்த அறை மிட்டாய்க்காரரின் சமையற்கூடத்தை ஒட்டி அமைந்துவிட்டது. உரல் சத்தத்தால் நோயாளிகளின் மார்பில் காதுவைத்துக் கேட்க முடியவில்லை என்பது மருத்துவரின் முறையீடு. நீதிமன்றம் மருத்துவர் பக்கம் தீர்ப்பளித்தது.

பின்னர் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ், 1960இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை ஆராய்ந்தார். உரல் இடித்தால் மருத்துவருக்கு இழப்பு. நிறுத்தினால் மிட்டாய்க்காரருக்கு இழப்பு. தொல்லை என்பது ஒருவர் மட்டும் மற்றவருக்குச் செய்வது அன்று, இரு பக்கமும் உள்ளது என்று அவர் சுட்டினார். உயிர்வேலியின் கதைக்கும் இது பொருந்தும்.

மரம் பிறந்த கதை

லேலண்டு சைப்ரஸின் பெற்றோர் மரங்கள் இரண்டும் வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒன்று மான்டெரி சைப்ரஸ். கலிபோர்னியாவின் மான்டெரி கடற்கரைப் பகுதியிலுள்ள இரண்டு சிறு தோப்புகளே அதன் இயற்கை வாழிடம். மற்றொன்று நூட்கா சைப்ரஸ். அலாஸ்காவிலிருந்து தெற்கே நீளும் குளிர்ந்த மலைப்பகுதிகளில் வளர்வது. இயற்கையில் இவை இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டு ஊசியிலை மரங்களை வளர்ப்பது பிரிட்டன் செல்வந்தர்களிடையே ஒரு மோகமாக இருந்தது. வேல்ஸில் வெல்ஷ்பூலுக்கு அருகிலுள்ள லெய்ட்டன் ஹால் என்ற பண்ணை மாளிகையிலும் இந்த இரு மரங்களும் நடப்பட்டிருந்தன. அது ஜான் நெய்லர் என்ற வங்கிக் குடும்பத்தவருக்குச் சொந்தமானது. 1888இல் அங்கிருந்த நூட்கா சைப்ரஸின் விதைகளை முளைக்க வைத்தபோது ஆறு நாற்றுகள் தனித் தோற்றத்தோடு இருந்தன. மான்டெரி சைப்ரஸின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்ததால் உண்டான கலப்பினம் அது.

ஜான் நெய்லரின் மகன் கிறிஸ்டபர் நெய்லர், லேலண்டு என்ற உறவினர் குடும்பத்தின் சொத்தைப் பெற்றபோது தம் குடும்பப் பெயரையும் லேலண்டு என மாற்றிக்கொண்டார். 1892இல் அந்த நாற்றுகளை நார்தம்பர்லாந்திலுள்ள தம் ஹாகர்ஸ்டன் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். 1911இல் லெய்ட்டன் ஹாலில் எதிர்த்திசைக் கலப்பும் நிகழ்ந்தது. அதாவது மான்டெரி சைப்ரஸின் விதையிலிருந்து மேலும் இரண்டு கலப்பின நாற்றுகள் கிடைத்தன. 1926இல் தாவரவியலாளர்களான டாலிமோர், ஜாக்சன் ஆகியோர் இந்த மரத்துக்கு லேலண்டின் பெயரைச் சூட்டினர்.

வேகமாக வளரும் தன்மையும் உப்புக் காற்றைத் தாங்கும் வலிமையும் மான்டெரி சைப்ரஸிடமிருந்தும், குளிரைத் தாங்கும் ஆற்றல் நூட்கா சைப்ரஸிடமிருந்தும் இதற்கு வந்தன. கலப்பினமாதலால் இதை விதையிலிருந்து பெருக்குவதில்லை. தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்தே பெருக்குகின்றனர். ஆகவே தோட்டங்களில் காணப்படும் கோடிக்கணக்கான மரங்கள் ஒரு சில தாய் மரங்களின் நகல்களே. 1962இல் வட அயர்லாந்தின் காசில்வெல்லன் தோட்டத்தில் தோன்றிய பொன்னிற வகையும் பின்னர் பெரும் வரவேற்பைப் பெற்றது.

புறநகர்த் தோட்டங்களில்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் பின்னரும் பிரிட்டனின் நகரங்களைச் சுற்றிப் புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள், அவற்றின் பின்னால் நீண்டு ஒடுங்கிய தோட்டங்கள் என்பது வழக்கமான அமைப்பு. மாளிகைக்காரருக்கு அண்டை வீடு அரை மைல் தொலைவில் இருந்தது. புறநகர்வாசிக்கு ஒரு பலகை வேலிக்கு அப்பால். பக்கத்து வீட்டுக்காரர் பழைய காரைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்ப்பதும், தட்டுமுட்டுச் சாமான்களைக் குவிப்பதும், விருந்து வைத்து இரவுவரை பாட்டுப் போடுவதும் கண்ணிலும் காதிலும் வந்து விழுந்தன.

உயரமான மதில் எழுப்பலாமே என்று தோன்றும். அதற்குத் தடை இருந்தது. கட்டட அனுமதி விதிகளின்படி 2 மீட்டருக்கு மேல் சுவரோ பலகை வேலியோ அமைக்க முன் அனுமதி தேவை. சாலையை ஒட்டியதாயின் அந்த எல்லை 1 மீட்டர்தான். ஆனால் மரம் கட்டடம் அன்று. ஆகவே உயிர்வேலிக்கு உயர எல்லையே இல்லை. சட்டத்தில் இருந்த இந்த இடைவெளியில்தான் லேலண்டு சைப்ரஸ் நுழைந்தது.

விலை மலிவான சிறு நாற்றுகளை வரிசையாக நட்டால் போதும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வளரும். நான்கைந்து ஆண்டுகளில் பக்கத்து வீடு கண்ணில் படாது. குளிர்காலத்திலும் இலை உதிர்வதில்லை. நாற்று விற்பனை நிலையங்கள் பெருகிய 1970களுக்குப் பின் இது மிக எளிதில் கிடைத்தது.

வாங்கியவர்கள் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. இந்த மரம் விரும்பிய உயரத்தில் நின்றுவிடாது. வெட்டாமல் விட்டால் 30 மீட்டரையும் தாண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை கத்தரித்தே ஆகவேண்டும். மேலும், பச்சை இலைப் பகுதியைத் தாண்டிப் பழைய கட்டைவரை வெட்டினால் அங்கே மீண்டும் துளிர்ப்பதில்லை, பழுப்பாகவே நின்றுவிடும். சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட வேலியைப் பின்னர் குட்டையாக்குவது கடினம்.

வேலியின் மறுபக்கம்

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேய்ந்தது பக்கத்து வீட்டுப் பயிரை. தெற்குப் பக்கத்தில் பத்து மீட்டர் உயர வேலி நின்றால், சூரியன் தாழ்வாகச் செல்லும் பிரிட்டனின் குளிர்காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்கு வெயிலே கிடைக்காது. புல்தரை பாசி பிடிக்கும். பகலிலும் விளக்குப் போட நேரிடும். மண்ணின் ஈரத்தையும் வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும்.

பாதிக்கப்பட்டவர்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. தம் நிலத்துக்குள் நீளும் கிளைகளை எல்லைக் கோடு வரை வெட்டிக்கொள்ளலாம். இந்த உரிமையைப் பிரபுக்கள் சபை உறுதிசெய்திருந்தது. ஆனால் வெட்டிய கிளைகூட மர உரிமையாளருக்கே சொந்தம். மரத்தின் உச்சியைத் தொட முடியாது. தோட்டத்து வெயிலுக்கு உரிமை இல்லாததால் நீதிமன்றமும் உதவவில்லை.

வாய்ச்சண்டைகள் பகையாக முற்றின. இரவோடிரவாக மரங்களை வெட்டுவதும் நஞ்சு ஊற்றுவதும் நடந்தன. 2001இலும் 2003இலும் வேலித் தகராறின் தொடர்ச்சியாக உயிர்கள் பலியானதாக வந்த செய்திகள் நாட்டையே அதிரவைத்தன. இதற்கிடையே, 1998இல் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஹெட்ஜ்லைன் என்ற அமைப்பைத் தொடங்கிச் சட்டம் வேண்டுமென்று குரல் கொடுத்தனர். 1999இல் அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. தனி உறுப்பினர் மசோதாக்கள் சில நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் போயின.

உயர்வேலிச் சட்டம்

கடைசியாக 2003ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தில் எட்டாம் பகுதியாக உயர்வேலி விதிகள் சேர்க்கப்பட்டன. இவை வேல்ஸில் 2004 டிசம்பர் 31 அன்றும், இங்கிலாந்தில் 2005 ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. வட அயர்லாந்து 2011இலும் ஸ்காட்லாந்து 2013இலும் தனிச் சட்டங்கள் இயற்றின.

இங்கிலாந்து, வேல்ஸ் விதிகளின் சாரம் வருமாறு:

1. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மரங்கள் அல்லது புதர்கள் வரிசையாக இருக்கவேண்டும். அவை முழுவதுமாகவோ பெரும்பகுதியோ பசுமைமாறா வகையாக இருக்கவேண்டும். தனி மரத்துக்கு இது பொருந்தாது.

2. உயரம் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் இருந்து, வெளிச்சத்தையோ வழியையோ தடுப்பதாக இருக்கவேண்டும். 2 மீட்டருக்கு மேற்பட்ட வேலி எல்லாமே குற்றம் ஆகாது. குடியிருப்பவரின் நியாயமான நிம்மதி பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

3. முறையீடு செய்பவர் முதலில் அண்டை வீட்டாரோடு பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். முயலாதவரின் மனுவை உள்ளாட்சி மன்றம் தள்ளிவிடலாம்.

4. மன்றம் இரு தரப்பையும் கேட்டு, வேலியைக் குறைக்க ஆணையிடலாம். ஆனால் 2 மீட்டருக்குக் கீழே குறைக்கவோ முழுவதும் அகற்றவோ ஆணையிட முடியாது.

5. ஆணையை மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். மன்றமே ஆள்வைத்து வெட்டிச் செலவை வசூலிக்கவும் செய்யலாம். வீடு கைமாறினாலும் ஆணை புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்.

வேர்களால் வரும் பாதிப்பு இச்சட்டத்தில் அடங்காது. முறையீட்டுக்குக் கட்டணம் உண்டு என்பதும், பாதிக்கப்பட்டவரே அதைக் கட்டவேண்டும் என்பதும் இன்றும் குறை கூறப்படுகின்றன.

உயரத்தை எவ்வாறு கணக்கிடுகின்றனர்?

எந்த உயரம் அதிகம் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் சண்டை தீராது. ஆகவே பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஓர் எளிய கணக்கு முறையை வகுத்தது. வேலியிலிருந்து தோட்டத்தின் எதிர் எல்லைவரை உள்ள தொலைவை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்க வேண்டும். வேலி எந்தத் திசையில் உள்ளது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். தெற்கில் இருந்தால் 0.25, வடக்கில் இருந்தால் 0.65.

எடுத்துக்காட்டாக, 16 மீட்டர் நீளத் தோட்டத்தின் தெற்கு எல்லையில் வேலி இருந்தால், 16 × 0.25 = 4 மீட்டர். அதைத் தாண்டினால் தோட்டத்தின் வெளிச்சம் குறிப்பிடத்தக்க அளவு குறையும். அதே வேலி வடக்கு எல்லையில் இருந்தால் 16 × 0.65 = 10.4 மீட்டர் வரை போகலாம். வட அரைக்கோளத்தின் அந்த உயர் அட்சரேகைகளில் சூரியன் தெற்கு வானிலேயே செல்வதால் இந்த வேறுபாடு. நிலத்தின் சரிவு, வேலிக்கும் எல்லைக்கும் உள்ள இடைவெளி, சன்னல்களின் இருப்பிடம் ஆகியவற்றுக்கும் தனித் திருத்தங்கள் உண்டு.

வேலி இரைச்சலைத் தடுக்குமா?

காட்சியை மறைக்கும் வேலி சத்தத்தையும் தடுக்கும் என்று நம்பியே பலர் இதை நட்டனர். உண்மை வேறு. ஒலி அலைகள் இலைகளின் இடைவெளி வழியே நுழையும். உச்சியைத் தாண்டி வளைந்தும் வரும். அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல்படி, அடர்த்தியாக நட்ட சுமார் 30 மீட்டர் அகல மரப்பட்டைதான் இரைச்சலை 5 முதல் 8 டெசிபெல் வரை குறைக்கிறது. ஒரு வரிசை மரங்களால் கிடைக்கும் பயன் சொற்பமே. இடைவெளியில்லாத கனமான சுவர், அதுவும் ஒலி எழும் இடத்துக்கோ கேட்பவருக்கோ அருகில் இருந்தால், மரத்தைவிட நன்றாகத் தடுக்கும்.

ஆகவே இரைச்சலுக்காக நட்டவர் இரைச்சலிலிருந்து தப்பவில்லை. பக்கத்து வீட்டாருக்கோ வெளிச்சம் போயிற்று. இரு தரப்பும் இழந்த இந்த நிலை பிரிட்டனில் எத்தனையோ எல்லைகளில் நேர்ந்தது.

வரலாற்றில் இதன் இடம்

1610இல் நீதிமன்றம், காற்றும் வெளிச்சமும் தேவை, காட்சி வெறும் மகிழ்ச்சி என்று பிரித்தது. அந்தப் பிரிவினை இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. இடையில் தோட்டத்து வெயில் இரண்டிலும் சேராமல் நின்றது. சட்டம் அதைக் கவனிக்க ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஆயின. கவனிக்க வைத்தது அறிஞர்களின் விவாதம் அன்று. பண்ணைத் தோட்டம் ஒன்றில் காற்று கொண்டுவந்து சேர்த்த மகரந்தம்.

சட்டம் நடுகிறவரின் உரிமையைப் பறித்துவிடவில்லை. 2 மீட்டர் வரை அவர் மறைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ அது ஓர் ஆளின் தலைக்கு மேல் உயரம். அதற்கு மேல் வளர்ந்தால் அப்பால் இருப்பவரின் சொல்லும் கேட்கப்படும். ரெப்டனின் ஓவியத்தில் மடிப்பைத் தூக்கியதும் மறைந்துபோன மனிதருக்கு அப்படிப் பேச ஓர் இடம் இருக்கவில்லை. இன்று வேலியின் மறுபக்கம் நிற்பவர் உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு மனு எழுதலாம். அதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிப் பார்க்க வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.